பாக்கெட்டில் பத்து டாலர், எதிரே ஒரு பார்

எம்-ஒன் அரியர் இன்னும் கிளியர் பண்ணாதவங்க கொஞ்சம் முன்னாடி வந்து உட்காருங்க. இந்த மாசம் உங்க ஆள் ஒருத்தரோட கதை.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் நார்விச் என்றொரு ராணுவக் கல்லூரி. நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கே ஒரு பையன் கால்குலஸில் திணறிக்கொண்டிருந்தான். ஃபார்முலாவை மனப்பாடம் பண்ண அவனுக்கு வரவில்லை. உனக்கு முட்டைதான் என்று புரொபசர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாமாக இருந்தால் பழைய கொஸ்டின் பேப்பரைத் தேடி ஜெராக்ஸ் கடைக்கு ஓடியிருப்போம். அவன் லைப்ரரிக்குப் போய்க் கணிதத்தின் வரலாற்றை எடுத்து வைத்துப் படித்தான். கால்குலஸ் எங்கிருந்து வந்தது, எதுக்காக வந்தது என்று அடியிலிருந்து பிடித்துக்கொண்டு, வகுப்பில் வாதாடி புரொபசரையே திணற வைத்தான். மார்க் என்ன வந்துச்சுன்னு கேட்கறீங்களா? அதே முட்டை.

அந்தப் பையன் பெயர் வில்லியம் கிரிஃபித் வில்சன். உலகத்துக்கு பில் டபிள்யூ. நம்ம ஊர்ல இன்ஷியல் முன்னாடி வரும், இவருக்குப் பின்னாடி வரும், அதுவும் அப்பா பேர் கிடையாது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அப்புறம் சொல்றேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அதை ஆரம்பித்த இரண்டு பேரில் ஒருவர். குடியை விட நினைக்கிறவர்கள் வாரா வாரம் ஒரு அறையில் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற காட்சியை ஏதாவது இங்கிலீஷ் படத்தில் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. அதுதான்.

நான் அதைப் படத்தில் மட்டும் பார்க்கவில்லை. போன வருஷம் என் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். அந்தக் கதையும் நடுவில் வரும். முதலில் பில்.

1895 நவம்பர் 26, ஈஸ்ட் டார்செட் என்ற சின்ன ஊர். அப்பா வழிப் பாட்டி நடத்திய ஹோட்டலில், பாருக்குப் பின்னால் இருந்த ஒரு அறையில் பிறந்தார். இதை நான் சினிமாவுக்காகச் சேர்க்கலை, நிஜமாவே அங்கேதான். அப்பா சலவைக்கல் குவாரியில் வேலை பார்த்தவர், நன்றாகக் குடிப்பவர். பில்லுக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா மருத்துவம் படிக்க பாஸ்டனுக்குக் கிளம்பினார். பில்லும் தங்கை டாரதியும் அம்மா வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள்.

ஆஸ்திரேலியர்களைத் தவிர வேற யாராலும் பூமராங் செய்ய முடியாது என்று தாத்தா ஒருநாள் சும்மா சொல்லிவைத்தார். அவ்வளவுதான். பையன் ஆறு மாசம் வேற வேலையே பார்க்கவில்லை. மரம் மரமாக இழைத்துப் பார்த்து, எதுவும் சரிவராமல், கடைசியில் தன் கட்டிலின் தலைமாட்டுப் பலகையை அறுத்து ஒன்று செய்தான். அது திரும்பி வந்தது. நான்தான் நம்பர் ஒன் என்று நிரூபிக்கிற இந்த வெறி அவரை ரொம்ப நாள் விடவில்லை. வயலின் தெரியாது, கற்றுக்கொண்டார். பேஸ்பால் வராது, டீம் கேப்டன் ஆனார். ஸ்கூலில் பெர்த்தா என்ற பெண்ணை நேசித்தார். 1912இல் நியூயார்க்கில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்துபோனார். தான் நினைத்தால் சாதிக்க முடியாத விஷயம் ஒன்று உலகத்தில் உண்டு என்பது அந்தப் பையனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாசக்கணக்கில் எழுந்திருக்க முடியாத மன அழுத்தம். நார்விச்சுக்குப் போன பிறகும் நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல். பாதியில் வீட்டுக்கு வந்தார், திரும்பப் போனார், பிறகு ஒரு ராகிங் விவகாரத்தில் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்காததால் மொத்த வகுப்பும் சஸ்பெண்ட் ஆனது.

அதுவரை அவர் குடித்ததில்லை. முதல் உலகப் போருக்காக அமெரிக்கா ராணுவத்தைத் திரட்டியபோது, 1917இல், இளம் அதிகாரியாக மாசசூசெட்ஸில் நியூ பெட்ஃபோர்டுக்கு அனுப்பப்பட்டார். ஊர்ப் பெரிய மனிதர்கள் ராணுவ அதிகாரிகளை வீட்டு விருந்துக்கு அழைப்பார்கள். ஆறடிக்கு மேல் உயரம், ஆனால் கூட்டத்தில் என்ன பேசுவது, கையை எங்கே வைப்பது என்று தெரியாத கூச்சம். முதல் விருந்தில் பீர், ஒன்றும் பெரிதாக இல்லை. சில வாரம் கழித்து இன்னொரு விருந்தில் யாரோ ஒரு பிராங்க்ஸ் காக்டெயில் கொடுத்தார்கள். அதைக் குடித்ததும், தனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் பிறந்ததிலிருந்து இருந்த ஒரு சுவர் இறங்கிவிட்ட மாதிரி அவருக்கு இருந்தது. எல்லாரும் தன்னவர்கள், தான் எல்லாருக்கும் வேண்டியவன். ஃப்ரெஷர்ஸ் பார்ட்டி முடிந்து இதே மாதிரி சொன்ன ஒருத்தனையாவது உங்களுக்குத் தெரியும். எனக்கு மூணு பேரைத் தெரியும்.

1918 ஜனவரி 24 அன்று லோயிஸ் பர்ன்ஹாமைக் கல்யாணம் செய்துகொண்டு பிரான்ஸுக்குக் கப்பலேறினார். இந்தத் தேதியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

போருக்குப் பிறகு நியூயார்க். ராத்திரியில் சட்டக் கல்லூரி. பாடமெல்லாம் முடித்தும் பட்டம் வாங்கவில்லை, குடிதான் காரணம். ஆனால் பங்குச் சந்தையில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு கம்பெனியின் பங்கை வாங்குமுன் அந்தக் கம்பெனி உண்மையில் எப்படி ஓடுகிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நான் போய்ப் பார்க்கிறேன். 1925இல் லோயிஸும் அவரும் வேலையை விட்டுவிட்டு, சைட்கார் வைத்த ஹார்லி டேவிட்சனில் டென்ட், புத்தகம், அடுப்பு எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போய் விசாரித்து ரிப்போர்ட் எழுதி அனுப்பினார். இன்றைக்கு ஈக்விட்டி ரிசர்ச் என்று பிளேஸ்மென்ட்டில் பெரிய பேக்கேஜ் தருகிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. பணம் கொட்டியது. குடியும் கூடவே ஏறியது. இனிமேல் தொட மாட்டேன் என்று வீட்டு பைபிளில் லோயிஸுக்கு எழுதிக் கொடுத்தார், திரும்பவும் எழுதிக் கொடுத்தார், அப்புறமும் எழுதிக் கொடுத்தார்.

1929 சரிவில் பணம் போனது. புரூக்ளினில் 182 கிளின்டன் தெரு, மாமனார் வீட்டில் ஒதுங்கினார்கள். லோயிஸ் மேசிஸ் என்ற பெரிய கடையில் வேலைக்குப் போனார். பில் அவர் கைப்பையிலிருந்து காசு எடுத்தார். 1932இல் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. குடிக்கக் கூடாது, குடித்தால் ஒப்பந்தம் ரத்து என்ற ஒரே நிபந்தனை. சில மாதம் தாக்குப்பிடித்தார். ஒரு புது போட்டோ தொழில்நுட்பத்தைப் பார்வையிட நியூஜெர்சிக்குச் சில இன்ஜினியர்களோடு போனார். ராத்திரி ஹோட்டல் ரூமில் சீட்டாட்டம். ஆப்பிள் பிராந்தி பாட்டில் ஒன்று சுற்றி வந்தது. முதலில் வேண்டாம் என்றார், திரும்ப வந்தபோதும் வேண்டாம் என்றார். ராத்திரி ஏற ஏற, இந்த வகையை நான் குடித்ததே இல்லையே, ஒரு வாய் என்ன செய்துவிடும் என்று தோன்றியது. அந்த ஒரு வாயில் ஒப்பந்தம் போனது.

இந்த இடத்தில் நீங்க என்ன நினைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். மனசு வெச்சா விடலாம், இவன் மனசு வைக்கலை. நானும் சித்தப்பாவைப் பத்தி அப்படித்தான் நினைச்சேன். எங்க வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசினோம், அவர் காதில் விழற மாதிரியே. ஆனா கட்டிலை அறுத்து பூமராங் செஞ்சவனுக்கு மனவுறுதி குறைவுன்னு எப்படிச் சொல்வீங்க?

இந்தக் கேள்விக்கு பில்லிடம் முதன்முதலில் பதில் சொன்னவர் டாக்டர் சில்க்வொர்த். நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரம் டவுன்ஸ் ஆஸ்பத்திரி, பணம் உள்ள குடிநோயாளிகளுக்கானது. 1933, 34இல் பில் அங்கே நான்கு முறை சேர்க்கப்பட்டார். சில்க்வொர்த் சொன்னது இதுதான்: சிலருக்கு உடம்பு முதல் கிளாஸுக்கே வேற மாதிரி எதிர்வினை செய்கிறது, உள்ளே போனால் நிறுத்த முடியாத தாகம் கிளம்பும். போதாததற்கு, அந்த முதல் கிளாஸை எடுக்கச் சொல்லி மனசு விடாமல் அரித்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் நோய். அவர் அதை அலர்ஜி என்றார். இன்றைய மருத்துவம் அந்த வார்த்தையைப் பயன்படுத்தாது. ஆனால் குடிகாரன் கெட்டவன் என்று ஊரே சொன்ன காலத்தில் இவர் நோயாளி என்றார். பில்லுக்குப் பெரிய நிம்மதி. நோய் என்று தெரிந்துவிட்டதே, இனி குடிக்க மாட்டேன் என்று வீட்டுக்குப் போனார். கொஞ்ச நாளில் திரும்பவும் குடித்தார். தெரிந்துகொள்வது மட்டும் போதவில்லை.

1934 நவம்பர். பழைய குடித்தோழன் எபி தாட்சர் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் பில் ஜின்னும் அன்னாசி ஜூஸும் ஊற்றி நீட்ட, எபி வேண்டாம் என்றார். குடியால் அடைத்துவைக்கப்பட இருந்த எபியை, ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்த, தாங்களும் குடித்து மீண்டவர்கள், பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்திருந்தார்கள். பில்லுக்குக் கடவுள் விஷயத்தில் ஏகப்பட்ட சந்தேகம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் தன்னைவிட மோசமாகக் குடித்தவன், இன்று தெளிவாக இருக்கிறான். டாக்டர் சொன்னபோது தலையில் ஏறியது, எபி சொன்னபோது வேற எங்கேயோ இறங்கியது.

டிசம்பர் 11, கடைசி முறையாக டவுன்ஸ் ஆஸ்பத்திரி. போகிற வழியில் பீர் குடித்துக்கொண்டே போனார். அதுதான் அவர் வாழ்க்கையின் கடைசிக் குடி, வயது 39. சில நாளில், விரக்தியின் உச்சியில் கடவுள்னு ஒருத்தர் இருந்தால் காட்டட்டும் என்று கத்தியபோது, அறை முழுக்க வெளிச்சம் பரவி ஒரு பெரிய அமைதி வந்ததாக அவர் பின்னால் சொன்னார். அங்கே கொடுத்த சிகிச்சையில் பெல்லடோனா என்ற மூலிகை உண்டு, அது மாயக் காட்சிகளை உண்டாக்கக்கூடியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது அருளா மருந்தா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதற்கப்புறம் அவர் குடிக்கவில்லை, அது உண்மை.

வெளியே வந்தவர் உலகத்தையே திருத்தக் கிளம்பினார். ஆஸ்பத்திரியிலும் தெருவிலும் குடிநோயாளிகளைப் பிடித்து வெளிச்சம், கடவுள், மனமாற்றம் என்று பிரசங்கம். ஆறு மாசத்தில் ஒருத்தர்கூட விடவில்லை. சோர்ந்துபோய் லோயிஸிடம் சொன்னபோது, நீ குடிக்கவில்லையே என்று அவர் எடுத்துக்காட்டினார். சில்க்வொர்த் இன்னொன்று சொன்னார்: பிரசங்கத்தை நிறுத்து, முதலில் நோயைப் பற்றிச் சொல்.

இப்போ 1935 மே மாசம், ஒஹையோ மாநிலம், ஆக்ரன் நகரம். டயர் கம்பெனிகளின் ஊர். ஒரு ரப்பர் எந்திரக் கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் போட்டியில் ஒரு தரப்புக்காக பில் போயிருந்தார். தோற்றார்கள். கூட வந்தவர்கள் ஊருக்குத் திரும்ப, இவர் மேஃப்ளவர் ஹோட்டலில் தனியாக. சனிக்கிழமை, பாக்கெட்டில் பத்து டாலர் சொச்சம். லாபியின் ஒரு கோடியில் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். ஒரே ஒரு ஜிஞ்சர் ஏல் வாங்கிக்கொண்டு யாரோடாவது பேசிக்கொண்டிருக்கலாமே என்ற எண்ணம். இன்னொரு கோடியில் ஒரு டெலிபோன், பக்கத்தில் ஊர் சர்ச்சுகளின் பட்டியல்.

ஐந்து மாதத் தெளிவில் அவருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை பேரிடம் பேசி ஒருத்தரையும் காப்பாற்றவில்லை, ஆனால் பேசிக்கொண்டிருந்த நாட்களில் தான் குடிக்கவில்லை. இப்போது தனக்கு வேண்டியது டாக்டரோ பாதிரியாரோ அல்ல, இன்னொரு குடிநோயாளி. அவனுக்கு உதவ அல்ல, தனக்கு உதவ.

பட்டியலில் ஒரு பாதிரியாரைப் பிடித்தார், அவர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொரு போனாகச் சுற்றி, முன்பின் தெரியாத ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் போய் நின்றது. நான் நியூயார்க்கிலிருந்து வந்திருக்கும் ஒரு குடிகாரன், உதவி செய்ய இன்னொரு குடிகாரன் வேண்டும் என்று ஒரு அந்நியர் போனில் சொன்னால் நாம என்ன பண்ணுவோம்? கட் பண்ணுவோம். அந்த அம்மா வரச் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரு சர்ஜன் குடியால் அழிந்துகொண்டிருந்தார்.

டாக்டர் பாப் ஸ்மித், அவரும் வெர்மான்ட்காரர். மறுநாள் அன்னையர் தினம், மே 12, மாலை ஐந்து மணி. கை நடுக்கத்தோடு வந்தார். பதினைந்து நிமிஷம்தான் இருப்பேன் என்று மனைவி ஆனிடம் கறாராகச் சொல்லிவிட்டு வந்தவர். பில் அவருக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். பைபிளில் எழுதிக் கொடுத்தது, கைப்பையில் காசு எடுத்தது, ஆப்பிள் பிராந்தி. பாப் டாக்டர், குடியைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் தன் அனுபவத்திலிருந்து, தன் பாஷையில் குடியைப் பற்றிப் பேசிய ஒரு மனிதரை அவர் அதுவரை சந்தித்ததில்லை. அவர்கள் எழுந்தபோது ராத்திரி பதினொன்று தாண்டியிருந்தது.

பில் அவர்கள் வீட்டிலேயே தங்கினார். ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன பாப், போன இடத்தில் குடித்து விழுந்து திரும்பி வந்தார். அடுத்த சில நாளில் ஓர் ஆபரேஷன் இருந்தது. அன்று காலை கை நடுங்காமல் இருக்க பில்லே ஒரு பீர் கொடுத்து அனுப்பினார். (தயவுசெஞ்சு இதை முன்மாதிரியா எடுத்துக்காதீங்க. ரொம்ப நாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புவரை வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.) 1935 ஜூன் 10, அந்த பீர்தான் டாக்டர் பாபின் கடைசி. அந்தத் தேதியையே ஏ.ஏ.வின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள். அதே மாதம் இருவரும் ஆக்ரன் சிட்டி ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டப்பட்டிருந்த ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார்கள். அவர் மூன்றாவது ஆள்.

மூணு பேர். இதுக்கு மேல எப்படி வளர்ந்ததுன்னு வருஷ வாரியா எழுதினா நீங்க ஸ்க்ரோல் பண்ணிப் போயிடுவீங்க. முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

கிளின்டன் தெரு வீட்டில் செவ்வாய்க்கிழமை கூட்டம் ஆரம்பித்தது. போக்கிடம் இல்லாதவர்களை பில்லும் லோயிஸும் வீட்டிலேயே தங்க வைத்தார்கள். அவர்கள் வெளியூர் போயிருந்தபோது ஒருவர் அந்த வீட்டிலேயே தற்கொலை செய்துகொண்டார், அதற்கு முன் வீட்டுத் துணிமணிகளை எடுத்து விற்றுமிருந்தார். நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். டவுன்ஸ் ஆஸ்பத்திரி பில்லுக்குச் சம்பள வேலை தர முன்வந்தது. லோயிஸ் கடையில் நின்றுகொண்டிருந்த காலம் அது. அவருக்கு அந்த வேலை அவ்வளவு தேவை. ஆனால் கூட்டத்தில் சொன்னபோது மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை: இதைச் சம்பளத்துக்குச் செய்தால் இது செத்துவிடும். பில் விட்டுக்கொடுத்தார். எப்போதும் நம்பர் ஒன்னாக இருக்க நினைத்தவர் கூட்டத்தின் பேச்சுக்குக் கட்டுப்பட்டது எனக்கு அந்த வெளிச்சக் கதையைவிடப் பெரிசாத் தெரியுது.

கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரிடம் போனார்கள். அவர் நெகிழ்ந்துபோய், பணம் இதைக் கெடுத்துவிடும் என்று சொல்லி வெறும் 5,000 டாலரோடு நிறுத்திக்கொண்டார். ஸ்டார்ட்அப் நடத்துற நம்ம சீனியர்ஸ் இதைப் படிச்சா நெஞ்சு வலி வரும். 1938இல் பில் கட்டிலில் படுத்தபடி பன்னிரண்டு படிகளை எழுதினார். குடியின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வதில் ஆரம்பித்து, யாரையெல்லாம் காயப்படுத்தினேன் என்று பட்டியல் போட்டு ஈடுசெய்து, இன்னொரு குடிநோயாளியிடம் செய்தியைக் கொண்டுபோவதில் முடியும். கடவுள் என்ற வார்த்தைக்கு உள்ளேயே பெரிய சண்டை. நாத்திகர்கள் விடவில்லை. கடைசியில் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்று சமாதானம் ஆனது. இன்றைக்கும் சிலர் அந்தக் கூட்டத்தையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்கிறார்கள்.

1939 ஏப்ரலில் புத்தகம் வந்தது, யாரும் வாங்கவில்லை. அதே மாதம் வீடு கடனில் போனது. இரண்டு வருஷம் நண்பர்கள் வீடு, மாடி அறை என்று ஐம்பது தடவைக்கு மேல் இடம் மாறினார்கள். 1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. வருஷ ஆரம்பத்தில் 2,000 பேர் இருந்த ஏ.ஏ., வருஷ முடிவில் 8,000.

லோயிஸ் பத்தி ஒன்று. ஒருநாள் கூட்டத்துக்கு நேரமாச்சு என்று பில் அவசரப்படுத்த, லோயிஸ் கையிலிருந்த செருப்பை அவர்மேல் வீசினார். இத்தனை வருஷம் பாடுபட்டு நான் நிறுத்த முடியாததை யாரோ நிறுத்திவிட்டார்கள், இப்போது இவருக்குக் கூட்டம்தான் வீடு, அப்ப நான் யாரு? அந்தக் கோபத்தை அவர் யோசித்துப் பார்த்தார். குடிப்பவரோடு வாழ்கிறவர்களுக்கும் மீட்சி வேண்டும் என்று 1951இல் அல்-அனான் ஆரம்பித்தார். எங்க சித்தி முதல்ல போனது அதுக்குத்தான்.

சரி, எங்க கதை. கூட்டத்தைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி. ஏ.ஏ. இந்தியாவோட இணையதளத்துல நம்பர் இருந்தது. போன் எடுத்தவரே குடித்து மீண்டவர். பேர் கேட்கலை, எந்த ஊர், எந்தக் கிழமை வசதின்னு மட்டும் கேட்டார். தமிழ்லயே நடக்கற கூட்டங்கள் இருக்கு. ஒரு ஸ்கூல் கிளாஸ்ரூம், ஞாயிறு சாயங்காலம். குடிப்பவர்கள் மட்டும் கலந்துக்கற மூடிய கூட்டம் உண்டு, குடும்பத்தோட போகற திறந்த கூட்டம் உண்டு. நாங்க போனது திறந்தது. சித்தப்பா வாசல்ல பைக் மேலேயே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா என்ன பண்றதுன்னு. ஒயின்ஷாப் வாசல்ல நிக்கும்போது வராத வெட்கம் இங்க வந்தது. உள்ளே பத்துப் பதினைந்து பேர், டீ, பிஸ்கட். ஒவ்வொருத்தரா எழுந்து பேரை மட்டும் சொல்லி, நான் ஒரு குடிநோயாளின்னு ஆரம்பிச்சு, அவங்க கதையைச் சொன்னாங்க. யாரும் குறுக்கே பேசலை, யாரும் அட்வைஸ் பண்ணலை. ஃபீஸ் கிடையாது, கடைசியில ஒரு பை சுத்தி வந்தது, இஷ்டப்பட்டவங்க போட்டாங்க. குடியை நிறுத்தணும்ங்கற ஆசை மட்டும்தான் சேர்றதுக்குத் தகுதி. ஒருத்தர் பொண்ணோட காது கம்மலை அடகு வெச்ச கதையைச் சொன்னப்போ சித்தப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். எங்க வீட்டுல அது தங்கச்சியோட கொலுசு.

மேஃப்ளவர் லாபியில் பில் தேடியது இதைத்தான். தலைவர் இல்லை, ஹெட் ஆபீஸ் உத்தரவு இல்லை, எந்த நோடு போனாலும் நெட்வொர்க் நிற்காது. இந்த அமைப்பை அப்படி வைத்ததும் பில்தான். 1940களில் கடுமையான மன அழுத்தத்தில் மேசையில் தலை கவிழ்ந்து கிடந்த வருஷங்களிலேயே, குழுக்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பன்னிரண்டு மரபுகளை எழுதினார். வெளியார் பணம் வாங்கக் கூடாது. சொத்துச் சேர்க்கக் கூடாது. அரசியல் பேசக் கூடாது. பத்திரிகை, ரேடியோவில் முழுப்பெயர் போடக் கூடாது. பின்னாடி வர்ற அந்த இன்ஷியலுக்கு இதுதான் காரணம். யேல் பல்கலைக்கழகம் 1954இல் கௌரவ டாக்டர் பட்டம் தர வந்தது, வேண்டாம் என்றார். டைம் பத்திரிகை அட்டைப்படம் போடக் கேட்டது, முதுகைக் காட்டிக்கூட போஸ் கொடுக்க மாட்டேன் என்றார். நார்விச்சில் முட்டை வாங்கியவர், சட்டப் பட்டம் வாங்காதவர், வீடு தேடி வந்த டாக்டர் பட்டத்தைத் திருப்பி அனுப்பினார். அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த ஆசைதான் தன்னைக் குடிக்க வைத்தது என்று தெரிந்திருந்தது. 1955இல், செயின்ட் லூயிஸ் மாநாட்டில், தலைமையை உறுப்பினர்களிடமே ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார்.

மகான் என்று நினைத்துவிடாதீர்கள். லோயிஸுக்கு உண்மையாக இருக்கவில்லை. புத்தக ராயல்ட்டியில் ஒரு பங்கை இன்னொரு பெண்ணுக்கு எழுதிவைத்தார். 1956இல் எல்எஸ்டி எடுத்துப் பார்த்தார், அது குடிநோயாளிகளுக்கு உதவுமா என்று சில வருஷம் பரிசோதித்தார், ஏ.ஏ.வில் பலருக்குக் கோபம். சிகரெட்டை மட்டும் விடவே முடியவில்லை. நுரையீரல் வீங்கி, ஆக்சிஜன் சிலிண்டர் வந்த பிறகும் புகைத்தார். எபியும் அப்படித்தான். பில்லுக்கு வழிகாட்டிய அந்த எபி அதன்பிறகு திரும்பத் திரும்பக் குடித்தார். பில் கடைசிவரை அவருக்குப் பணம் அனுப்பி, தன் வழிகாட்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 1966இல் எபி இறந்தபோது இரண்டு வருஷமாகக் குடிக்காமல் இருந்தார்.

இது நிஜமா வேலை செய்யுதா, இல்ல வெறும் கதை சொல்லலான்னு ஒரு இன்ஜினியரா நீங்க கேட்பீங்க. 2020இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு, பத்தாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடிக்காமல் தொடர்வதில் ஏ.ஏ.வும் அதில் சேர்த்துவிடும் சிகிச்சைகளும் மற்ற மனநல சிகிச்சைகளுக்குக் குறைவில்லை, பல இடங்களில் மேல் என்று வந்தது. எல்லாருக்கும் இல்லை. போய்விட்டு வராமல் போனவர்களும் நிறைய. சித்தப்பாவே மூணாவது மாசம் ஒரு கல்யாண வீட்டில் வழுக்கினார். திரும்பப் போனப்போ யாரும் ஏன்னு கேட்கலையாம், நாற்காலியை நகர்த்திப் போட்டாங்களாம்.

1970 கிறிஸ்துமஸ் சமயம், படுத்த படுக்கையில், பில் விஸ்கி கேட்டார் என்று பார்த்துக்கொண்ட நர்ஸின் குறிப்பில் இருக்கிறது. கொடுக்கவில்லை, கோபப்பட்டார். கடைசியாகக் குடித்து 36 வருஷம் ஆகியிருந்தது. இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. 36 வருஷம் கழிச்சும் அது உள்ளேயே உட்கார்ந்திருக்கு. சித்தப்பாகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு சொன்னேன். அவருக்கு அதிர்ச்சியே இல்லை. கொடுக்கலையில்ல, அதான் விஷயம்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சார்.

சிகிச்சைக்காக மயாமிக்குக் கொண்டுபோனார்கள். 1971 ஜனவரி 24 அன்று இறந்தார். அன்று அவருக்கும் லோயிஸுக்கும் 53ஆவது கல்யாண நாள். பத்திரிகைகள் முழுப்பெயரைப் போட்டதும் அப்போதுதான். ஈஸ்ட் டார்செட்டில் அடக்கம் செய்தார்கள். கல்லில் பெயர், தேதி, ராணுவச் சேவை இவ்வளவுதான், ஏ.ஏ. பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வருகிறவர்கள் குடிக்காமல் இருந்த மாதக் கணக்கு பொறித்த வில்லைகளை அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த ஞாயிறு கூட்டத்தில் டீ போடுறது சித்தப்பா டியூட்டி. ஆறு மணிக்குக் கூட்டம், அஞ்சு மணிக்கே பால் பாக்கெட் வாங்கிட்டுப் போகணுமாம். என் பைக்கைக் கேட்டிருக்கார்.